மெஹர் யார் வீட்டுப் பெண்

பண்டோரி,
குருநானக் பிறந்தநாள், மத்தியானம்.

மெஹரின் அப்பாவுக்கு,

குருவின் பெயரைச் சொல்லி, முதலில் ஃபதே வணக்கம். இங்கே அவர் தயவில் எல்லோரும் இருக்கிறோம். அங்கே குளிர் இறங்கியிருக்கும். விடியலில் மாட்டுக் கொட்டகைக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போங்கள். போன வருஷம் மாதிரி காதுவலியோடு பால் கறந்துவிட்டு, எங்களிடம் ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று சொல்ல வேண்டாம்.

தினமும்தான் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நாம் எங்கே பேசுகிறோம்? நீங்கள் பேசுகிறீர்கள், வீடே உட்கார்ந்து கேட்கிறது. உங்கள் அம்மா ஸ்பீக்கரைப் போடச் சொல்கிறார். அண்ணன் உரக்கடைக் கணக்கைச் சொல்கிறார். கடைசியில் என் முறை வரும்போது நான் சாப்பிட்டீர்களா என்று கேட்கிறேன், நீங்கள் சாப்பிட்டேன் என்கிறீர்கள். அதோடு நம் குடித்தனம் முடிந்துவிடுகிறது. ஜோகா வியாழக்கிழமை அமிர்தசரஸில் இத்தாலிக்கு விமானம் ஏறுகிறான். உங்கள் பண்ணைக்கே திரும்புகிறவன் என்பதால் பின்னி உருண்டை இனிப்பு டப்பாவுக்கு அடியில் இதை வைத்துக் கொடுத்து அனுப்புகிறேன். பின்னியை அறைக்காரர்களுக்குக் கொடுங்கள். இதைக் காட்டாதீர்கள்.

இப்போது வீட்டில் நானும் சின்னவன் அங்கதும்தான். அவனுக்கு நேற்று ஊர்வலத்தில் குளிர் பட்டு உடம்பு சுடுகிறது. பயப்படும்படி இல்லை, டாக்டரிடம் காட்டி மருந்து கொடுத்தாயிற்று. மற்றவர்கள் எல்லோரும் குருத்வாராவுக்குப் போயிருக்கிறார்கள். மெஹர் யார் கையைப் பிடித்துக்கொண்டு போனாள் என்று நான் எழுத வேண்டியதில்லை.

ஊர்ச் செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். கோதுமை விதைப்பு முடிந்தது. கால்வாய்ப் பக்கத்து நிலத்தில் ஈரம் போகாததால் அங்கே மட்டும் தாமதம். வெள்ளை நெற்றி எருமை கன்று போட்டது, கிடாரிக் கன்று. உங்கள் அம்மாவுக்கு முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் கல்யாண வீடு என்றால் மட்டும் வலிப்பதில்லை. அங்கதுக்குக் கடைவாய்ப் பல் முளைக்கிறது, கையில் கிடைப்பதையெல்லாம் கடிக்கிறான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அண்ணனிடம் என்ன சொன்னீர்கள்?

போன மாதம் ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது, நான் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் அண்ணன் உங்கள் அம்மாவிடம் சொல்கிற மாதிரி எனக்குச் சொன்னார். "லக்வீர்கிட்டப் பேசிட்டேன் அம்மா. மெஹரை நாங்க தத்து எடுத்துக்கறோம். அவனுக்குச் சம்மதந்தான். வர்ற லோஹ்ரியை அவ பேர்லயே கொண்டாடிடலாம்" என்றார். தணலில் இருந்த ரொட்டி கருகிப்போனது. புதிதாகப் பிறந்த பிள்ளைக்கும் புதிதாக வந்த மருமகளுக்கும்தானே ஒரு வீட்டில் லோஹ்ரி கொண்டாடுவார்கள். தெரு முழுக்க வேர்க்கடலையும் எள் மிட்டாயும் கொடுத்து, நெருப்பு மூட்டி, இவள் எங்கள் பிள்ளை என்று ஊருக்குச் சொல்லப்போகிறார்கள். ஊரும் மிட்டாயை மென்றபடி ஒப்புக்கொண்டுவிடும்.

அவர் முன்னால் நிமிர்ந்து பேசுகிற வழக்கம் எனக்கு இல்லை என்பது உங்களுக்கே தெரியும். அதனால் உங்கள் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பையனையா கேட்டாங்க? பொண்ணைத்தானே கேக்கறாங்க. அதே வீடு, அதே முற்றம். சுவத்துக்கு இந்தப் பக்கம் தூங்கினா என்ன, அந்தப் பக்கம் தூங்கினா என்ன?" கேட்டது பெண்ணை என்பதால், அது கேட்டதாகவே அவருக்குத் தோன்றவில்லை. ஒரு கிண்ணம் சர்க்கரை கடன் கேட்ட மாதிரி.

நீங்கள் சம்மதம் என்று சொல்லியிருக்க மாட்டீர்கள். எனக்கு உங்களைத் தெரியும். "பார்க்கலாம் அண்ணா" என்று சொல்லியிருப்பீர்கள். உங்கள் வாயில் இல்லை என்ற சொல்லே அண்ணனிடம் வராது. ஆனால் நீங்கள் அங்கே பார்க்கலாம் என்று சொன்னது இங்கே வந்து சேரும்போது சரி என்று ஆகிவிடுகிறது.

என் ஓரகத்தியைப் பற்றி எழுதினால் பொறாமை என்று சொல்வீர்கள். ஆமாம், பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது? நிர்லேப் அக்கா பின்னிவிட்டால் மெஹரின் சடை சாயங்காலம் வரை அவிழ்வதில்லை. நான் பின்னினால் பள்ளிக்கூட வாசலிலேயே அவிழ்ந்துவிடுகிறது. அவர் ஊட்டினால் கீரை இறங்குகிறது, நான் ஊட்டினால் வாயைப் பூட்டிக்கொள்கிறாள். அவர் திட்டினால் சிரிக்கிறாள், நான் திட்டினால் அழுகிறாள். நானும் ஒரு நாள் திட்டிச் சிரிக்க வைத்துப் பார்ப்போமே என்று முயன்றேன், அதற்கும் அழுதாள்.

இது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அங்கது பிறந்தபோது ஆபரேஷன், பிறகு அவனுக்கு மஞ்சள் காமாலை, பிறகு நெஞ்சுச் சளி. நான் அவனோடு கட்டிலிலும் ஆஸ்பத்திரியிலுமாகக் கிடந்தேன். மெஹர் வந்து கதவருகில் நிற்பாள். "தம்பி தூங்கறான், பெரியம்மாகிட்டப் போ" என்று நானேதான் அனுப்பினேன். அவளும் போனாள். சொன்னபடி கேட்கிற குழந்தை. பிறகு நான் வா என்று கூப்பிட்டபோது, திரும்பி வருகிற பழக்கம் அவளுக்கு விட்டுப்போயிருந்தது.

இந்த வருஷம் விடியற்காலைப் பாட்டுக்கும் அவளை அவர்தான் கூட்டிப்போனார். பண்டிகைக்கு முந்தின நாட்களில் விடிவதற்கு முன்னே எல்லோரும் தெருத் தெருவாகப் பாடிக்கொண்டு போவார்களே, அதற்கு. பனிமூட்டத்தில் பக்கத்து ஆள் தெரியாது, பாட்டுச் சத்தம் மட்டும் வரும். நான் அங்கதுக்குப் பால் கொடுத்தபடி கட்டிலில் படுத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன். அக்கா கிசுகிசுப்பாக, "எழுந்திரு கண்ணு, குரு வாசலைத் தாண்டிப் போயிடுவாரு" என்பார். போர்வை விலகும் சத்தம் கேட்கும். ஒரு சிணுங்கல் கிடையாது. பள்ளிக்கூடத்துக்கு நான் எழுப்பும்போது இதே குழந்தை கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாள். அப்புறம் முற்றத்தைத் தாண்டி, சலங்கை வைத்த இடுக்கியைத் தட்டுகிற சத்தம் போகும். தாளம் தப்பித் தப்பி விழும், அதனால் அது என் பெண் தட்டுவது என்று தெரிந்துகொள்வேன். நாள் போகப் போகத் தாளம் தப்புவது நின்றது. அதற்குக்கூட எனக்கு வயிறு எரிந்தது. பாட்டு முடிந்து திரும்பும்போது எந்த வீட்டில் என்ன தந்தார்கள், யார் வீட்டுத் தேநீரில் இஞ்சி அதிகம் என்பதெல்லாம் அவர்கள் இருவருக்குள்ளேயே பேசி முடிந்துவிடும். நான் கேட்டால், "ஒண்ணுமில்லம்மா" என்பாள். உங்கள் மகள்தான், சந்தேகமே இல்லை.

அதனால்தான் நேற்று நகர் கீர்த்தன் ஊர்வலத்துக்கு நானும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். போன வருஷம் கைக்குழந்தையோடு மாடியில் நின்று பூ தூவியதோடு சரி. மெஹரை உங்கள் அண்ணன் கூட்டத்துக்குள் தூக்கிப் போயிருந்தார். இந்த வருஷம் அவள் முதல் முறையாகத் தன் காலில் நடந்து வரப்போகிறாள், அந்த முதல் முறை எனக்கு வேண்டும் என்று நினைத்தேன். நீங்கள் அனுப்பிய இளஞ்சிவப்பு உடையை எடுத்து இஸ்திரி போட்டேன். மிதித்தால் விளக்கு எரிகிற அந்த இத்தாலி ஷூவைத் துடைத்து வைத்தேன். குரு கிரந்த நூல் வருகிற பல்லக்குக்குப் பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு நடப்பாள், எல்லோரும் காலைப் பார்ப்பார்கள், யார் அனுப்பியது என்று கேட்பார்கள், அவள் என் அப்பா என்று சொல்வாள். இவ்வளவுதான் என் கணக்கு.

காலையில் வெளியே வந்தால் அக்கா ஒரு சின்னத் துடைப்பத்தோடு நிற்கிறார். தானே ஈர்க்கு சீவி, பிடியில் மஞ்சள் துணி சுற்றிக் கட்டியிருக்கிறார். அவளுக்கு என்று காவி நிறத்தில் ஒரு சின்னத் துப்பட்டாவும் தைத்து வைத்திருக்கிறார். "ரோடு கூட்டற சேவையில அவ பேரையும் சொல்லியிருக்கேன் சுமீத். பல்லக்குக்கு முன்னாடி வரணும்" என்றார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் இஸ்திரி போட்ட உடையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மெஹர் துடைப்பத்தைப் பார்த்தாள், உடையைப் பார்த்தாள். துடைப்பத்தை வாங்கிக்கொண்டாள். நல்ல உடையை விட்டுவிட்டுத் துடைப்பத்தை எடுக்கிற பெண்ணை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

"சரி, சட்டை எதுவோ போட்டுக்கட்டும். ஷூ அவ அப்பா அனுப்பினது, அதைத்தான் போடணும்" என்றேன். அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். "குளிர்ல குழந்தை காலு விறைச்சுப்போகும். உங்களுக்கென்ன தெரியும்" என்று சொல்லிவிட்டேன். பிள்ளை பெறாதவரிடம் அந்தச் சொல்லை எந்த இடத்தில் படும்படி சொன்னேன் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நான் குனிந்து ஷூவுக்கு முடிச்சுப் போட்டேன்.

உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். எனக்குத்தான் புரியவில்லை. பொறாமை வந்தால் பிறந்ததிலிருந்து பார்த்த விஷயம்கூட மறந்துபோகும் போலிருக்கிறது. பின்னால் நடந்து வருகிற கூட்டம் செருப்போடு வரலாம். முன்னால் கூட்டுகிறவர்கள் வரலாமா? பல்லக்குக்கு முன்னால் வருகிற அந்த ஐந்து பேரும் வாளேந்திக்கொண்டு வெறுங்காலில் நடக்கப்போகிற பாதை அது. குரு வருகிற வழியை மிதித்துக்கொண்டே யாராவது சுத்தம் செய்வார்களா?

குருத்வாரா வாசலில் தண்ணீர் லாரி தெளித்துவிட்டுப் போனது. பெண்கள் வரிசையாக நின்று கூட்ட ஆரம்பித்தார்கள். மெஹர் நடுவில் புகுந்து இரண்டு அடி வைத்தாள். நனைந்த கறுப்பு ரோட்டில் சிவப்பும் பச்சையுமாக விளக்கு எரிந்தது. சேவையை மேற்பார்க்கிற, குருத்வாராவில் கிரந்தம் படிக்கிற கியானியின் மனைவி கையை நீட்டி நிறுத்தினார். "யாரும்மா இந்தப் புள்ளைக்கு ஜோடு மாட்டி விட்டது? இதென்ன ரோடா, கல்யாண மேடையா?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, ஆனால் ஆறு வயதுக்கு அது தெரியுமா? மெஹரின் உதடு கோணிக்கொண்டது. அவள் என்னைத்தான் பார்த்தாள். அழுகை வரும்போது அவள் என்னைப் பார்த்து வெகு நாளாகிறது. நான் அங்கதைத் தூக்கிக்கொண்டு ஓரத்திலேயே நின்றேன்.

அதற்குள் அக்கா முட்டி போட்டு உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தார். "நான்தாங்க. அவசரத்துல கவனிக்கல" என்று அந்த அம்மாளிடம் சொன்னார். ஷூவைத் தன் துப்பட்டா முனையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார். ஊர்வலம் முடிகிறவரை, கூட்டுவதற்குக் குனிந்தபோதெல்லாம், அது அவர் இடுப்பில் ஆடிக்கொண்டே இருந்தது, விளக்கும் எரிந்துகொண்டே இருந்தது. அவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்குத் தோன்றியது என்ன தெரியுமா? என் பெண்ணை எடுத்தது போதாதென்று என் தப்பையும் எடுத்துக்கொண்டாரே என்று.

மெஹர் நன்றாகக் கூட்டினாள். அதையும் சொல்ல வேண்டும். கல்லைத் தள்ளும்போது கவனமாக ஓரத்துக்குத் தள்ளினாள். பின்னால் வருகிற பெரியவர்களின் காலுக்கு வழிவிட்டு விலகிக் குனிந்தாள். யாரோ வீசியெறிந்த ஜிலேபிக் காகிதத்தைப் பார்த்து நின்று, அது கூட்ட வேண்டியதா பொறுக்க வேண்டியதா என்று யோசித்து, பொறுக்கித் துப்பட்டாவில் வைத்துக்கொண்டாள். வாளேந்தியவர்கள் பக்கத்தில் வந்தபோது துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, தலையைத் தரையில் வைத்து வணங்கினாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. மாடிகளிலிருந்து விழுந்த செவ்வந்தி இதழ்கள் அவள் தலைமேல் ஒட்டியிருந்தன. எனக்குக் கண்ணில் நீர் வந்தது. நல்லதுக்கு வந்ததா கெட்டதுக்கு வந்ததா என்று கேட்காதீர்கள்.

தானிய மண்டி வாசலில் பல்லக்கு நின்றது. அங்கேதான் மேடை போட்டிருந்தார்கள். நான் தேநீர் கொடுக்கிற பந்தலில், அங்கதை ஒரு கையிலும் தட்டை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றேன். கூட்டுகிற சேவை செய்த பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கழுத்தில் காவித் துணி போட்டு, மைக்கில் பெயர் கேட்டார்கள். மெஹர் மேலே ஏறினாள். "பேரு என்ன மகளே?" "மெஹர் கௌர்." குரல் கணீரென்று வந்தது. "யார் வீட்டுப் பொண்ணு? அப்பா பேரு?" அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு, "சுக்சைன் சிங்" என்றாள்.

மேடையில் இருந்தவருக்கு உங்கள் அண்ணனை நன்றாகத் தெரியும், கடன் வைத்து உரம் வாங்குகிறவர்தான். "நம்ம உரக்கடை சுக்சைன் சிங் மகளா? சொல்லவே இல்லையே சர்தாரே" என்றார் மைக்கிலேயே. உடனே ஒருவர் ஜெயகோஷம் எழுப்பினார். போலே சோ நிஹால் என்றதும் மண்டியே சேர்ந்து சத் ஸ்ரீ அகால் என்று பதில் கொடுத்தது. பல்லக்குக்கு முன்னால் சொன்ன பெயரை ஊரே ஜெயம் சொல்லி முடித்துவைத்தது. லோஹ்ரி வரை காத்திருக்கவே தேவையில்லாமல் போயிற்று. உங்கள் அண்ணன் கைகூப்பிக்கொண்டு நின்றார். இல்லை என்று சொல்லவில்லை. அவர் முகத்தில் இருந்தது சந்தோஷம்தான், பிடிபட்டவனின் முகம் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

நான் ஏன் ஓடிப்போய்ச் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அவளே திருத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் துணியைத் தடவிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். தப்பாகச் சொல்லிவிட்டோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

மேடையேறியது நிர்லேப் அக்கா. புருஷனை ஒரு பார்வைகூடப் பார்க்காமல் படியேறி, மைக் பிடித்திருந்தவரின் காதில் சொன்னார். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மன்னிக்கணும், இந்தக் குழந்தை லக்வீர் சிங் மகள், இத்தாலியில இருக்காரு. அம்மா சுமீத் கௌர், டீப் பந்தல்ல நிக்கறாங்க" என்றார். அதற்குள் மேளம் ஆரம்பித்துவிட்டது. பாதிக் கூட்டம் நகர்ந்துவிட்டது. முதலில் சொன்னதை ஊர் முழுக்கக் கேட்டது, திருத்திச் சொன்னதை முன்வரிசை மட்டும்தான் கேட்டது.

வீட்டுக்கு டிராக்டர் டிராலியில் திரும்பும்போது மெஹரை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு கேட்டேன். கோபமாகக் கேட்கவில்லை, சத்தியமாக. "உன் அப்பா பேரு லக்வீர் சிங்குன்னு உனக்குத் தெரியாதா கண்ணு?" என்றேன். "தெரியும்" என்றாள். "அப்புறம் ஏன் அப்படிச் சொன்னே?" அவள் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தாள், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி. "அவரு அந்தப் பொண்ணோட அப்பா இல்லையா?" என்றாள்.

எந்தப் பெண் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. நீங்கள் சித்திரை மாதம் அனுப்பிய படம். உங்கள் இத்தாலி ஊரில் நடந்த ஊர்வலம், வைசாகிப் பண்டிகைக்கு. நீங்கள் ஆரஞ்சுத் தலைப்பாகையில் சிரித்துக்கொண்டு நிற்கிறீர்கள், உங்கள் தோளில் குட்டை முடி பறக்க ஒரு சின்னப் பெண், உங்கள் தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு. உடன் வேலை செய்கிறவர் மகள் என்று எழுதியிருந்தீர்கள், நான் நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். உங்கள் அம்மா அந்தப் படத்தை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார். மெஹரும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"பல்லக்கு வரும்போது அப்பாதான் தோள்ல தூக்கிக் காட்டுவாரு. பம்மியை அவ அப்பா தூக்கினாரு. ஜெஸ்ஸியை அவ அப்பா தூக்கினாரு. என்னைப் போன வருஷம் பெரியப்பா தூக்கினாரு. அவரு அந்தப் பொண்ணைத் தூக்கினாரு" என்று விரல் மடக்கி எனக்குப் பாடம் சொன்னாள். அவள் கணக்கில் ஒரு பிசகும் இல்லை. பக்கத்தில் அக்கா முகத்தைத் திருப்பி வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இத்தனை நாள் நான் ஒருத்தி மட்டும்தான் பறிகொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன். நீங்கள் எனக்கு முன்னாலேயே போய்விட்டீர்கள். சொன்னால் நம்புவீர்களா, அந்த நிமிஷம் எனக்கு ஓர் அற்பத் திருப்தி. அடுத்த நிமிஷமே அந்த இத்தாலிக் குழந்தையின் மேல் ஆத்திரம். முகம்கூடச் சரியாகத் தெரியாத ஒரு குழந்தையைப் போய்.

சாயங்காலம் மெஹர் வந்ததும் வராததுமாகக் கட்டிலில் விழுந்து தூங்கிவிட்டாள். உள்ளங்காலெல்லாம் சிவந்து, குதிகாலில் சரளைக் கல் கிழித்திருந்தது. அக்கா கடுகெண்ணெயைச் சூடு பண்ணிக் கிண்ணத்தில் கொண்டுவந்தார். கட்டிலில் உட்காரப் போனவர், என்னைப் பார்த்துவிட்டு நின்றார். கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டார். பிறகு சொன்னார். "நான் கேக்கல சுமீத். உங்க பெரியவருதான் கேட்டாரு. ஆனா வேண்டாம்னும் நான் சொல்லல. சொல்ல வாய் வரல."

"நான் தர மாட்டேன் அக்கா" என்றேன்.

"தெரியும். என்கிட்டச் சொல்லி என்ன பண்றது? அவகிட்ட, அவ அப்பன்கிட்ட, இவருகிட்டச் சொல்லு" என்றார். போகும்போது துப்பட்டா முடிச்சை அவிழ்த்து ஷூவைக் கட்டிலடியில் வைத்துவிட்டுப் போனார். சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கெட்டவளாக இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். நல்லவளைப் பார்த்துப் பொறாமைப்படுவதில் ஒரு நிம்மதியும் கிடையாது, தெரிந்துகொள்ளுங்கள்.

நான் எண்ணெய் தேய்த்தேன். குதிகாலில் கை பட்டதும் மெஹர் தூக்கத்திலேயே காலை இழுத்துக்கொண்டாள். "போதும் பெரியம்மா" என்றாள், கண்ணைத் திறக்காமல். நான் அம்மா என்று சொல்லவில்லை. சொன்னால் விழித்துக்கொள்வாளோ, விழித்தால் அவரைக் கேட்பாளோ என்று பயமாக இருந்தது. "சரி கண்ணு" என்று அக்காவின் குரலில் சொல்லிவிட்டு, காலைப் போர்வைக்குள் வைத்தேன்.

இனி நான் செய்யப்போவதைச் சொல்கிறேன். நாளையிலிருந்து மெஹரைக் காலையில் நான்தான் எழுப்புவேன். அழட்டும், கட்டில் காலைப் பிடித்துத் தொங்கட்டும். அங்கதை அவன் பாட்டியிடம் கொடுப்பேன், முழங்கால் வலித்தாலும் வலிக்கட்டும். தை பிறப்பதற்கு முன் குரு கோவிந்த் சிங் பிறந்தநாளுக்கு மறுபடி விடியற்காலைப் பாட்டு வரும். அக்கா ஒரு கையைப் பிடித்துக்கொள்ளட்டும், நான் தடுக்க மாட்டேன், தடுத்தால் அந்தக் குழந்தை உடைந்துபோகும். இன்னொரு கை என் கையில் இருக்கும். அவர் கையைவிட என் கையை அவள் இறுக்கிப் பிடிக்கிறாளா என்று பார்த்துக்கொண்டேதான் நடப்பேன். அந்தப் புத்தி என்னை விட்டுப் போகப்போவதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. இதைப் படித்ததும் போன் செய்யுங்கள். ஸ்பீக்கர் போடச் சொல்லுங்கள், எல்லோரையும் உட்காரச் சொல்லுங்கள். உங்கள் அண்ணனிடம், பார்க்கலாம் என்று சொல்லாமல், இல்லை என்று சொல்லுங்கள். அவர் மனம் புண்படும். அக்கா அடுப்படிக்குப் போய் அழுவார். அதையெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், அக்காவோடு சேர்ந்து நானும் அழுவேன். ஆனால் அந்தச் சொல் உங்கள் வாயிலிருந்து வர வேண்டும். நான் சொன்னால் ஓரகத்திச் சண்டை. நீங்கள் சொன்னால்தான் அது அப்பன் சொல்வது.

அப்புறம் லீவு. பண்ணைக்காரரிடம் கேளுங்கள். கிடைக்காது என்று கேட்பதற்கு முன்பே முடிவுகட்டாதீர்கள். மெஹர் இந்த வருஷம் நிறைய வளர்ந்துவிட்டாள், போன வருஷச் சட்டையெல்லாம் அங்கதுக்குத் தலையணை உறையாகிவிட்டது. தோளில் ஏறி உட்கார்ந்து பார்க்கிற வயது இன்னும் கொஞ்ச காலம்தான்.

குரு உங்களைக் காக்கட்டும். கை விரல் வெடிப்புக்கு நெய் தடவுங்கள். உங்கள் தோளில் ஏறிய அந்தக் குழந்தையும், யார் பெற்றதோ, நோய் நொடியில்லாமல் நூறு வயது இருக்கட்டும். மனதாரத்தான் சொல்கிறேன். ஆனால் அவளைக் கீழே இறக்கிவிட்டுவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
மெஹரின் அம்மா,
சுமீத் கௌர்